அத்தையின் காது மிஷின்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போது பேச்சு ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது. செல்போன் நல்லதா கெட்டதா என்று. மருமகள் எந்நேரமும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று ஒருவர் குறைப்படுவார். துபாயில் இருக்கிற மகன் முகத்தைத் தினமும் பார்க்க முடிகிறதே என்று இன்னொருவர் சொல்வார். அவரவர் சொல்வது அவரவருக்குச் சரி. என் பக்கம் திரும்பி, நீ என்ன சொல்லுத என்று கேட்டால் மட்டும் எனக்குப் பதில் வராது. எதையோ மென்று விழுங்கிவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன். விவரம் தெரியாதவள் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியில்லை. இந்தக் குழப்பம் எனக்குச் செல்போன் வருவதற்கு வெகு காலம் முன்பே, பள்ளிக்கூடம் போகிற வயதில், ஒரு மழைக்காலத்தில் பிடித்தது. அதைச் சொல்கிறேன். உங்களுக்காவது தெளிகிறதா பாருங்கள்.

எங்கள் ஊருக்குப் போக, கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை செல்லும் பஸ்ஸில் ஏறிப் பாதியில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். மழை பெய்துவிட்டால் நடப்பதே பெரும்பாடு. கரிசல் மண் காலோடு அப்பிக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் கனம் கூடும். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, வீட்டு வாசலுக்கு வந்ததும் குச்சியால் மண்ணைச் சுரண்டி எடுப்போம். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. பருத்தியும் உளுந்தும் விதைப்போம். காட்டு வேலை இல்லாத நாட்களில் அம்மாவும் அத்தையும் தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டுவார்கள். வீடு முழுக்கப் பசை வாடை அடிக்கும்.

அத்தைக்குக் காது கேட்காது. காதோரம் வாயை வைத்துக் கத்தினால் ஏதோ கொஞ்சம் விழும், அவ்வளவுதான். இரண்டு காதிலும் எங்கள் காட்டுப் பருத்தியைத் திரித்து அடைத்திருப்பாள். அவளைப் புதூர்ப் பக்கம் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கே காய்ச்சல் கண்டு காது போய்விட்டது, காது கேட்காதவளை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்று மாமா கொண்டுவந்து விட்டுவிட்டார். எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். அவள் வந்தபோது நான் தவழ்கிற பிள்ளையாம்.

அத்தை பேசுவாள். ஆனால் குரல் மிகவும் தணிந்து வரும். குனிந்து கேட்டால்தான் புரியும். யார் குனிவார்கள்? அதனால் அவள் ஊமை மாதிரிதான் என்று எல்லாரும் வைத்துக்கொண்டார்கள். நான் மட்டும் அவளோடு நாள் முழுக்கப் பேசுவேன். சத்தம் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தால் போதும், அத்தை என் வாயைப் பார்த்தே புரிந்துகொள்வாள். பெரியவர்கள் கூடியிருக்கும்போதே அவர்களுக்குத் தெரியாமல் நாங்கள் கதை பேசிக்கொள்வோம். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே சொத்து அதுதான்.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கும் அத்தைக்கும் இளையவர். மணியாச்சி ஜங்ஷனில் ரயில்வேயில் வேலை. ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் புதிதாக ஏதாவது ஒன்றைக் கொண்டுவருவார். பம்ப் அடிக்கிற மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்தது. விறகுப் புகையில் மழைக்காலம் முழுதும் இருமிக்கொண்டு கிடந்த அம்மாவுக்கு இருமல் குறைந்தது. டார்ச் லைட் வந்தது. பாம்புக்குப் பயந்து இருட்டில் கொல்லைப்பக்கம் போகாமல் அடக்கிக்கொண்டு கிடந்த எங்கள் கஷ்டம் தீர்ந்தது. டிரான்சிஸ்டர் வந்தது. மழை எப்போது வரும் என்று அப்பாவுக்கு அது சொன்னது. மனிதனுக்கு என்ன கஷ்டமானாலும் எங்கேயோ ஒருவன் உட்கார்ந்து அதற்கு ஒரு மிஷினைச் செய்துகொண்டிருக்கிறான் என்று சித்தப்பா சொல்வார். அவர் கொண்டுவந்தது ஒன்றுகூடப் பழுதாய்ப் போனதில்லை. ஆகவே, அக்கா காதுக்கும் ஒரு மிஷின் இருக்கிறது என்று அவர் வந்து சொன்னபோது யாரும் சந்தேகப்படவில்லை.

விதைப்பு முடிந்து பயிர் முளைவிட்டிருந்த சமயம் அத்தையை மதுரைக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்த அன்று நல்ல மழை. அத்தை வாசலில் நின்று காலில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சித்தப்பா உள்ளே வந்து தலையைத் துவட்டிக்கொண்டே அப்பாவிடம் விவரம் சொன்னார்.

"நரம்பெல்லாம் நல்லாருக்காம் அண்ணே. உள்ள இருக்க சவ்வுதான் கிழிஞ்சு போயிருக்காம், ரெண்டு காதுலயும். அடி கிடி பட்டுச்சான்னு டாக்டர் கேட்டாரு. இல்ல சார், காய்ச்சல்ல போனதுன்னு சொன்னேன். மிஷின் வச்சா நல்லாக் கேக்கும்னு சொல்லிட்டாரு."

டாக்டர் அந்தக் கேள்வியை அத்தையிடம் கேட்கவில்லை. அவளுக்குத்தான் காது கேட்காதே.

மிஷின் சிகரெட் பெட்டி அளவில் இருந்தது. அதிலிருந்து முறுக்கிய ஒயர் ஒன்று கிளம்பிக் காதில் மாட்டுகிற பொத்தானில் முடியும். ஓரத்தில் ஒரு சுவிட்ச், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னச் சக்கரம். அம்மா அதற்கு ஒரு துணிப்பை தைத்து, கயிறு கோத்து அத்தை கழுத்தில் மாட்டிவிட்டாள். பொத்தான் காதில் சரியாகப் பொருந்தாவிட்டால் கூ என்று விசிலடிக்கும். கட்டிக் கிடக்கிற வெள்ளாடுகள் ஒருசேரத் தலையைத் தூக்கிப் பார்க்கும். எனக்குச் சிரிப்பாக வரும்.

முதல் நாள் ஊரே வந்து பார்த்தது. ஆளாளுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டார்கள். அத்தை திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஓட்டின் மேல் மழை விழுகிறதைக் கேட்டாள். மாடு அசைபோடுகிறதைக் கேட்டாள். கூட்டம் போன பிறகு என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, எதையாவது பேசு என்றாள். நான் வழக்கம்போல் உதட்டை அசைத்தேன். அப்படியில்லை, சத்தமாகப் பேசு என்றாள். பள்ளிக்கூடத்துப் பாட்டு ஒன்றைச் சொன்னேன். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் சத்தம் இப்படியா? நான் வேற மாதிரி நெனச்சு வச்சிருந்தேன்" என்றாள்.

யோசித்துப் பார்த்தால் சரிதான். என் குரலை அவள் அதுவரை கேட்டதே இல்லை. ஆனால் எனக்கு அது பெரிய கவலையாகப் போய்விட்டது. அவள் மனதில் இருந்த அந்த இன்னொரு குரல் எப்படி இருந்திருக்கும்? இதைவிட நன்றாக இருந்ததா? அதைக் கேட்க எனக்கு வெட்கம். அத்தையின் குரலும் மாறத் தொடங்கியது. தான் எவ்வளவு தணிந்து பேசுகிறோம் என்று தெரிந்துகொண்டு கொஞ்சம் உயர்த்திப் பேசினாள். அடுப்படியிலிருந்து அந்தக் குரல் வரும்போது, வீட்டுக்கு யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

வீட்டிலும் ஏதோ மாறிப்போனது. அதற்குமுன் அம்மா மனதில் பட்டதையெல்லாம் அத்தையை வைத்துக்கொண்டே பேசுவாள். பக்கத்து வீட்டு மதினியிடம், எனக்கு வாய்த்த நாத்தனார் ஆயுசுக்கும் எனக்கு ஒரு பிள்ளை மாதிரி என்று அலுத்துக்கொள்வாள். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பாள். இப்போது அம்மா வாயைத் திறப்பதே குறைந்துவிட்டது. அப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மாட்டுக் கொட்டத்துக்குப் போய்விடுவாள். அப்பாவும் தொண்டையைச் செருமிவிட்டுப் பேசாமல் போவார். காது கேட்காதவள் இருந்தபோது பேச்சாய்க் கிடந்த வீடு, காது கேட்டதும் ஊமையாகிவிட்டது. எல்லாரும் சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரத்தில் ஏன் இப்படி என்று எனக்கு விளங்கவே இல்லை.

அம்மா சில சமயம் என்னை அனுப்பி, அத்தை சுவிட்சைப் போட்டிருக்கிறாளா என்று பார்த்துவரச் சொல்வாள். அதிலும் எனக்குக் குழப்பம்தான். சுவிட்ச் போட்டிருக்கும், கூப்பிட்டால் அத்தை திரும்ப மாட்டாள். சுவிட்ச் அணைந்திருக்கும், அம்மா முணுமுணுப்பதற்கு அத்தை முகம் சுருங்கும். வாயைப் பார்த்தே அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். அப்படியானால் இத்தனை வருஷமும் அம்மா பேசினது எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது கால் பிடித்துவிட்டிருக்கிறாள். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

பருத்தி வெடிக்கிற காலம் வந்தது. அப்பா புதூருக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பினார். தங்கச்சிக்கு இப்போது நன்றாகக் காது கேட்கிறது, வந்து கூட்டிப்போகலாம் என்று. மாட்டுக் கொட்டத்தில் அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டதை நான் தவிட்டு வாளியோடு நின்று கேட்டேன்.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?" என்றாள் அம்மா.

"கேக்க என்ன இருக்கு? காதாலதான விட்டுட்டுப் போனான். காதுதான் சரியாயிருச்சே."

அப்பா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தங்கை வாழ்க்கை தன் கண்முன்னே நேராகிறது என்ற சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. மாப்பிள்ளை வருகிற செய்தியை அப்பாவே அத்தையிடம் சொன்னார். அத்தை மிஷினைப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். தலையை ஆட்டினாள். காதில் விழுந்தது என்று அவள் ஆட்டினாள். சம்மதம் என்று அப்பா எடுத்துக்கொண்டார். இதெல்லாம் இப்போது புரிகிறது. அன்றைக்கு நான் நினைத்தது, அத்தை சந்தோஷமாகப் போகப்போகிறாள், எனக்குத்தான் ஆள் இல்லாமல் போகும் என்பது மட்டுமே.

மாமாவும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். மாமாவை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். மீசையும் வெள்ளைச் சட்டையுமாக நன்றாகவே இருந்தார். எனக்குச் சீனிமிட்டாய் வாங்கி வந்திருந்தார். பாயில் உட்கார்ந்து, மழை எப்படி, பருத்தி எப்படி என்று அப்பாவிடம் மரியாதையாக விசாரித்தார். அவருடைய அம்மாவுக்கு முட்டுவலி. வீட்டில் அடுப்புப் பற்றவைக்க ஆளில்லை, ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆளில்லை என்று அந்த அம்மா நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

சித்தப்பா இதற்கென்றே லீவு போட்டு வந்திருந்தார். மிஷினின் மகிமையைக் காட்ட வேண்டும் அவருக்கு. மாமாவின் அம்மாவை அத்தைக்குப் பின்னால் போய் மெதுவாக ஏதாவது சொல்லச் சொன்னார். அந்த அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அத்தை, என்ன என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எழுந்து அத்தை பக்கத்தில் போனார். காதில் இருந்த பொத்தானைப் பார்க்கிறதற்காகக் கையைத் தூக்கினார்.

அவ்வளவுதான். அத்தை இரண்டு கையாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு, தோளை ஒடுக்கி, தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள். பொத்தான் கழன்று கூ என்று விசிலடிக்கத் தொடங்கியது. அந்தச் சத்தம் மட்டும் வீட்டுக்குள் நின்றுகொண்டே இருந்தது.

விலை கூடின மிஷின், உடைந்துவிடக் கூடாதென்று அத்தை பத்திரப்படுத்துகிறாள் என்று நான் நினைத்தேன். எவ்வளவு பொறுப்பானவள் என்றுகூட நினைத்தேன். அம்மாதான் முதலில் எழுந்தாள். மாமாவுக்கும் அத்தைக்கும் நடுவில் போய் நின்றாள். சித்தப்பா வாயைத் திறந்து, டாக்டர் அன்றைக்குக் கேட்டாரே என்று தொடங்கினார். முடிக்கவில்லை.

அத்தை தலையைத் தூக்கினாள். பொத்தானை அவளே காதில் பொருத்தினாள். விசில் நின்றது. "நீங்க எல்லாரும் பேசுனது கேட்டுச்சு. நான் வரல" என்றாள்.

மாமாவின் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மிஷினு வரவும் வாயும் சேந்து வந்துருச்சோ?" என்றார்கள்.

அத்தை தன் மாமியாரைப் பார்த்தாள். "வாய் எப்பவும் இருந்துச்சு அத்தை. யாருக்கும்தான் கேக்கல."

அதற்குப்பின் பேச்சு நீளவில்லை. மாமா செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். போகும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்பா காட்டுக்குப் போய்விட்டார். சித்தப்பா ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதற்குக் காற்றடிப்பதும் விடுவதுமாக இருந்தார். மிஷின் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேனே மதினி என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். மிட்டாயை நான் தின்னலாமா கூடாதா என்று யாரிடம் கேட்பது என எனக்குத் தெரியவில்லை.

பொழுது சாய்கிற நேரம் அப்பா திரும்பி வந்தார். மேலெல்லாம் பருத்திப் பஞ்சு. அத்தை மிஷினைக் கழற்றி மாடத்தில் வைத்துவிட்டுப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்து அவள் பின்னால் நின்று, எனக்கு மட்டும் விழும் அளவுக்கு மிகவும் மெதுவாக ஒன்று கேட்டார். அத்தை திரும்பவில்லை. மறுபடியும் கேட்க அவரால் முடியவில்லை. அவளுக்குக் கேட்கும்படி கேட்பதென்றால் கத்திக் கேட்க வேண்டும். தெருவுக்கே கேட்கும். அப்படிக் கத்திக் கேட்கிற கேள்வி இல்லை அது. அவர் தவித்துப்போய் என்னைப் பார்த்தார்.

நான் அத்தையின் கையைத் தட்டி, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தேன். 'அப்பா கேக்காவ, மாமா ஒன்ன அடிச்சாவளான்னு.'

அத்தை என் வாயைப் பார்த்தாள். பிறகு திரும்பி அப்பாவைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

இந்த முறை அப்பாவுக்கு அர்த்தம் தப்பாகவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அத்தை பசைக் கையைக் கழுவிவிட்டு வந்து, அவர் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்துவிட்டு, மறுபடி வேலையைப் பார்க்கப் போனாள். நான் கேட்ட கேள்வியின் சொற்கள் எனக்குத் தெரியும். அடிக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு நான் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. எனக்குக் கல்யாணம் பேசுகிற வயதில் அம்மா ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னபோதுதான் தெரிந்தது. காய்ச்சல் என்பதே மாமா வீட்டார் சொல்லி விட்ட பொய். அறைந்து அறைந்து போன காது அது.

அதன்பிறகு அத்தை, எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்று சொல்கிற தீப்பெட்டிக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். காலையில் வேன் வந்து ஏற்றிப்போகும். மிஷின்கள் மாறிக்கொண்டே வந்தன. ஒயர் போனது, பெட்டி போனது, காதுக்குப் பின்னால் சொருகிக்கொள்கிற பட்டாணி அளவு மிஷின் வந்தது. அம்மாவும் அவளும் பிற்காலத்தில் ஒருவரை விட்டு ஒருவர் இருக்க முடியாதவர்களாக ஆனார்கள். எப்படி என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது.

நான் சொல்ல வந்த குழப்பம் இதுதான். அந்த மிஷின் வராமல் இருந்தால் அப்பா மாமாவைக் கூப்பிட்டே இருக்க மாட்டார். அத்தை தன் பாட்டுக்குப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்திருப்பாள். அவளை அந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப் பார்த்ததே மிஷின்தான். ஆனால் மிஷின் இல்லாவிட்டால் அவள் குரலும் உயர்ந்திருக்காது, நான் வரல என்று அவள் சொல்லியிருந்தாலும் யார் காதிலும் விழுந்திருக்காது. ஒன்றையே நல்லது என்று இந்தக் கையிலும் கெட்டது என்று அந்தக் கையிலும் எப்படிப் பிடித்துக்கொள்வது?

எனக்குப் பிள்ளைகள் பெரிதான பிறகு, கோவில்பட்டியில் ஒரு காது டாக்டரிடம் அத்தையைக் கூட்டிப்போனேன். அவர் நல்ல மனிதர், சின்ன வயது. அத்தையின் காதைக் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். இப்போது ஆபரேஷன் எல்லாம் எளிதாகிவிட்டது, சவ்வை ஒட்டிவிடலாம், மிஷினே தேவைப்படாமல் போனாலும் போகும் என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சித்தப்பா உயிரோடு இருந்து கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அத்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டாக்டரைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் சொன்னாள். "வேண்டாம்ளா. முன்ன கேக்காமப் போனது அவிய செஞ்சது. இப்ப எனக்குக் கேக்க வேண்டாம்னா நானே கழட்டி வச்சுக்கிடுதேன். அதையும் எங்கிட்டருந்து பிடுங்கிட்டுப் போயிராதிய."

டாக்டருக்கு அவள் சொன்னது காதில் விழவில்லை. அம்மா என்ன சொல்றாங்க என்று என்னைக் கேட்டார். சம்மதம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, வேண்டாம் என்கிறாள் என்று சொல்லவும் மனம் வரவில்லை. யோசித்துச் சொல்கிறோம் டாக்டர் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டோம்.

அத்தை போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.